மதினி நகர்த்திய படகுக் கார்

மதினியின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கூடவே ஒரு வேண்டுகோள். அட்டையில் உள்ள படத்தை மட்டும் பார்த்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விடாதீர்கள். சாப்பாடு எங்கேயும் ஓடிவிடாது. மதினியின் மூத்த மகள் என்னிடம் வந்து, "சித்தப்பா, அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும். ஒரு பக்கம் போதும்" என்றாள். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா உன் அம்மா என்று கேட்டேன். அச்சகக்காரர் முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொள்ளட்டும். நான் எழுதியது எழுதியபடியே வந்திருக்கிறது.

மதினி என் அண்ணனின் மனைவி. மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய ஆட்களைக் கேட்டால் 'கார்க்காரம்மா' என்பார்கள். கல்யாணக் கார், ஏர்போர்ட் கார், கம்பெனி விருந்தாளிகளுக்குக் கார் என்று பம்பாயில் வாடகைக் கார்த் தொழிலைத் தலைநிமிர்ந்து நடத்தியவர். அந்தத் தொழில் எப்படித் தொடங்கியது என்று இப்போது ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். போன வருஷம் துக்கம் கேட்க வந்த ஒருவர், ஒரு வெள்ளைக்காரத் துரை மதினிக்கு வரிசையாகக் கார்களைத் தானம் செய்துவிட்டுக் கப்பலேறினார் என்று விவரமாகச் சொன்னார். யாரிடம்? அந்தத் தொழிலின் முதல் காரை ஓட்டிய என்னிடம். கேட்டுக்கொண்டிருந்தேன். காப்பியும் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மதினி பிறந்தது அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெண்கள் நிறைந்த வீட்டில் நடுவில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குமேல் படிக்க அவருக்கு ஆசை இருந்தது, அந்த ஆசையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. இதை அவர் தம் மகள்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், கோபத்தோடுதான் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வயதில் அண்ணனுக்குக் கழுத்தை நீட்டி, தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கி, தாராவியில் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கினார். சில வருஷம் கழித்து நான் பத்தாம் வகுப்பில் கோட்டடித்துவிட்டு, ஊரில் தலைகாட்ட முடியாமல் அதே அறைக்கு வந்து சேர்ந்தேன். ஒரு நாளும் முகம் கோணாமல் எனக்குச் சோறு போட்டவர். "தம்பி, பரீட்சைல போனது போவட்டும். டிரைவிங் படி, கை கால் ஓடும்லா" என்று அண்ணனிடம் சொல்லி என்னைப் பழக வைத்ததும் அவரே. ஒரு சோடாக் கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை எனக்குக் கிடைத்தது.

அண்ணன் ஒரு மில் மானேஜரிடம் டிரைவராக இருந்தார். மானேஜர் வெள்ளைக்காரர். அவர் பம்பாயை விட்டுப் போகும்போது, யாரும் சீந்தாத தம் பழைய காரை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே ஒரு கார். மேற்கூரை மடங்கும், மூக்கு நீண்டிருக்கும், உள்ளே ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவற்றைப் 'படகுக் கார்' என்றுதான் சொல்வோம். காதர் பாய் என்ற மேலப்பாளையத்துக்காரர் தாராவி மெயின் ரோட்டில் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பின் ஓரத்தில் அதை நிறுத்தினோம். அண்ணன் எப்போதாவது குஜராத்திக் கல்யாணங்களுக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் ஓட்டிக்கொண்டு போவார். தினமும் அதைத் துடைப்பார். தம் பிள்ளைகளை அப்படிக் குளிப்பாட்டியதை நான் பார்த்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் அண்ணனுக்குப் பார்வை போகத் தொடங்கியது. முதலில் மாலை வெளிச்சத்தில் தடுமாறினார், பிறகு பட்டப்பகலிலேயே எதிரில் வரும் சைக்கிள் தெரியவில்லை. கண் டாக்டர் இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் பேச்சைக் குறைத்துவிட்டார். கொஞ்ச நாளில் அவர் ஒரு முடிவோடு எழுந்தார். குர்லாவில் பழைய இரும்பு வாங்கும் சேட் ஒருவரிடம் காரைக் கொடுத்துவிடுவது, குடும்பத்தோடு ஊருக்குப் போய்ப் பெரியப்பா வீட்டை ஒட்டி இருந்துகொள்வது. சேட்டிடம் பேசியும் விட்டார்.

மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஊருல போயி என்ன செய்ய?"

"எல்லாரும் என்ன செய்யுதாவளோ அதச் செய்யுவோம். கண்ணு தெரியாதவனுக்குப் பம்பாய் என்னத்துக்கு?"

"புள்ளையள் ரெண்டும் பள்ளிக்கூடம் போவுதுவ. அங்க கொண்டு போனா அஞ்சாப்போட ஒங்க பெரியப்பா நிப்பாட்டிருவாவ. என்னைய நிப்பாட்டுன மாதிரி. நான் வரல."

"ஏட்டி, ஓட்ட ஆளில்லாத காரு, சம்பாதிக்க ஆளில்லாத வீடு. எப்படி இருப்ப?"

"ஓட்டதுக்கு ஒங்க தம்பி இருக்கான். சம்பாதிக்கதுக்கு நான் இருக்கேன்."

அண்ணன் சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல அது. கடைசியில், வைகாசி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்காவது இந்தக் கார் ஒழுங்காக ஓடி முடிக்கட்டும், அப்போது பார்க்கலாம், நடுவழியில் நின்றால் மறுநாள் காலை சேட் வந்து எடுத்துக்கொள்வார், நாம் ரயிலேற வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டார். சேட்டுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினார். நின்றுவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை என்று நினைக்கிறேன்.

இங்கே மதினியின் கைத்தொழிலைச் சொல்ல வேண்டும். அவர் மாதுங்காக் கடை ஒன்றுக்குப் பூக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாலை, கொண்டையில் வைக்கும் வேணி, கல்யாண ஜடை எல்லாம் அவர் கையில் தனி அழகோடு வரும். கல்யாண வீட்டார் அங்கே வந்து பேசுவதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே கட்டுவார். மாதுங்காவில் அப்போது ஆபீஸ் உத்தியோகக் குடும்பங்களில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அது தெருவே பார்க்கும் விசேஷம். ஜானவாசம் என்பார்கள். மாப்பிள்ளை புது சூட் போட்டுக்கொண்டு, மாலையோடு திறந்த காரில் உட்காருவார். முன்னால் நாதசுரம், பக்கங்களில் காஸ் லைட், சுற்றிலும் உறவு ஜனம். கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நடை வேகத்தில்தான் கார் போகும். ஒவ்வொரு முனையிலும் நாதசுரக்காரர் நின்று வாசிப்பார், காரும் நிற்கும். இந்த ஆமை வேகத்தில் எந்த இஞ்சினும் கொதித்துப்போகும். முந்தின வருஷம் ஒரு தாதர்க்காரரின் கார் அப்படித்தான் நடுத்தெருவில் கொதித்து நின்று, மாப்பிள்ளை இறங்கி நடக்க வேண்டியதாகி, பெரிய மனஸ்தாபமே வந்துவிட்டது.

ஆக, பெண்ணைப் பெற்ற ஒருவர் பூக்கடையில் நின்று கார் கிடைக்கவில்லை என்று புலம்பியபோது மதினி தலை நிமிர்ந்து, "மாமா, எங்க வீட்டுல காரு இருக்கு" என்றார்.

"பூ கட்டற உங்காத்துலயா? காரா?"

"வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துச் சாக்கடையைத் தாண்டி, காதர் பாய் தார்ப்பாயை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு மதினியிடம் குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளையாத்துக்காரா ரொம்பக் கறார். ஏறி ஒக்காந்த மாப்பிள்ளை மண்டபத்து வாசல்லதான் எறங்கணும். நடுவுல எறங்கினா அபசகுனம்பா. பாதி வழில நின்னுடுத்துன்னா, எம் பொண்ணை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. உன்னை நம்பலாமா?" என்று கேட்டார்.

"எனக்கும் பொண்ணுவ இருக்கு மாமா" என்றார் மதினி. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

காதர் பாய் ரேடியேட்டரைக் கழற்றி உள்ளும் புறமும் கழுவினார், குழாய்களை மாற்றினார். ஆனால் மதினிக்கு அது போதவில்லை. சாயங்காலங்களில் என்னைக் காரில் உட்கார வைத்து, தாமே நாதசுரக்காரர் மாதிரி முன்னால் நடந்தார். நாலடி நடப்பார், நிற்பார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு ராகம் வாசித்து முடிக்கிற நேரம் நிற்பார், மறுபடி நடப்பார். தாராவி ஜனத்துக்கு நல்ல வேடிக்கை. "என்ன மதினி, ஒங்க கொழுந்தனுக்கா கல்யாணம்? பொண்ணு எங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கு மானம் போயிற்று. மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் கொதிக்கவில்லை. காதர் பாய் ஒவ்வொரு நாளும் மூடியைத் தொட்டுப் பார்த்து, "தங்கச்சி, இது டில்லி வரைக்கும் நடந்தே போவும்" என்பார்.

அந்த நாள் வந்தது. விடியற்காலையிலேயே மதினி தாதர் பூ மார்க்கெட்டுக்குப் போய்க் கூடை கூடையாகப் பூ வாங்கிவந்தார். காதர் பாய் பிவண்டிக்கு ஒரு லாரி வேலையாகப் போயிருந்தார். மதினியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் பகல் முழுவதும் காரை அலங்கரித்தார்கள். கதவுகளில் சரம், பின்னால் தோரணம், உட்காரும் இடத்தில் ரோஜா. மூக்கில்தான் அவர் கைத்திறமை முழுவதையும் காட்டியிருந்தார். வெள்ளைச் சாமந்தியை நெருக்கிக் கட்டி ஒரு திரை மாதிரி நெய்து, நடுவில் மரிக்கொழுந்தால் மயில் வைத்து, முகப்புக் கம்பி ஒன்றுகூட வெளியே தெரியாதபடி மூடியிருந்தார். விரல் நுழைய இடமில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தோம். ஓட்டுகிற எனக்கும் அழகுதான் தெரிந்ததே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

கோயில் வாசலில் மாப்பிள்ளை ஏறினார். தவில் முழங்கிற்று. அண்ணனும் வந்திருந்தார், மூத்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நடந்தார். காஸ் லைட் சுமக்க வந்தவர்கள் எங்கள் தாராவி ஆட்கள். வேடிக்கை பார்க்க யாரும் வரக்கூடாது என்று மதினி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் எல்லாரும் வந்திருந்தார்கள்.

முதல் முனை திரும்புவதற்குள் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் நின்றது. அடுத்த நிமிஷம், சாமந்தித் திரையின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. பக்கத்தில் நடந்த ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாம்பிராணியெல்லாம் போட்டிருக்கா, பேஷ்" என்றார். நான் இஞ்சினை நிறுத்தினேன். வேறு வழியில்லை.

அப்போதுதான் பிவண்டியிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, ஊர்வலம் பார்க்க வந்த காதர் பாய் முகப்பைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "தங்கச்சி, மூக்கப் பொத்திட்டியேம்மா. காத்து எப்படிப் போவும்?"

மதினியின் முகம் அப்படி ஆனதை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அவருடைய கையால் கட்டிய பூ. அதுவும் அவர் கட்டியதிலேயே நல்ல பூ. காதர் பாய் திரையைப் பிய்க்கக் கையை நீட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அதட்டினார். "மாப்பிள்ளை ஒக்காந்திருக்கச்சே பூவைப் பிய்க்கறதாவது. என்ன ஆச்சு? ஏன் நின்னுடுத்து?"

நாதசுரக்காரர் முனையில் நின்று ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை கார் நிற்பது யாருக்கும் விகற்பமாகத் தெரியாது. எங்களிடம் இருந்த அவகாசம் அந்த ராகம் மட்டுமே. மதினி கூட்டத்துக்குள் புகுந்து பின்பக்கம் போனார். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்களை அருகில் கூப்பிட்டு நிறுத்தி, மெல்லிய குரலில் சொன்னார்.

"இந்தக் காரு இங்க நின்னா நாளைக்கு நான் ரயிலேறணும். விசயம் அவ்வளவுதான். ஊருல தேரு நவுட்டினவுகதான எல்லாரும்? இதயும் நவுட்டுங்க. ஆனா அரோகரா போடப்படாது, சத்தமே வரப்படாது. தள்ளுத மாதிரி இருக்கப்படாது, கூட நடக்க மாதிரி இருக்கணும்."

பின்பக்கத் தோரணத்துக்குள் கையை விட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற இருவர் கதவுச் சரங்களுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார்கள். காதர் பாய் வெள்ளைச் சட்டையோடு நடுவில் நின்றுகொண்டார். மதினி முன்சக்கரத்தின் பக்கத்துக்கு வந்தார். தேருக்குக் கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பார்களே, அப்படி. அவருடைய கை சேலையை ஒட்டி லேசாக அசையும். உள்ளங்கை முன்னால் போனால் தள்ள வேண்டும், கீழே தாழ்ந்தால் நான் பிரேக்கில் கால் வைக்க வேண்டும். பேசி வைத்துக்கொண்டது எதுவும் இல்லை. ஆனால் எனக்கும் புரிந்தது, அவர்களுக்கும் புரிந்தது. நியூட்ரலில் போட்டேன். ராகம் முடிந்து தவில் எழுந்தது. கார் நகர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. இஞ்சின் சத்தம் இல்லை, புகை இல்லை, குலுக்கல் இல்லை. அத்தனை பெரிய கார் பூவும் வெளிச்சமுமாக அப்படியே மிதந்து போயிற்று. நாதசுரக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னால் எதுவும் உறுமாமல் அவர் வாசிப்பது அன்றைக்குத்தான் முதல்முறை போலிருக்கிறது. மனுஷருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வொரு முனையிலும் வாசித்துத் தள்ளினார். பால்கனிகளில் ஜனம் கூடிற்று. ராகம் தெரிந்தவர்கள் வீட்டுக்குள் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். சூட் போட்ட மாப்பிள்ளை முதலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவர், சாய்ந்து உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார்.

பெண்ணின் அப்பா மட்டும் வியர்க்க விறுவிறுக்க மதினியிடம் ஓடிவந்தார். "ஏம்மா, இஞ்சின் ஓடறதா இல்லையா?"

"காரு போவுதா இல்லையா மாமா?"

"போறது."

"அப்ப முன்னால பாத்து நடங்க."

அவர் முன்னால் பார்த்து நடந்தார்.

மண்டபத்து வாசலில் ஒரு சின்ன ஏற்றம் இருந்தது. இஞ்சின் ஓடியிருந்தால் ஏற்றம் என்றே தெரிந்திருக்காது. ஆனால் அவ்வளவு தூரம் தள்ளிவந்தவர்களுக்கு மூச்சு வாங்கிற்று. பாதி ஏறியதும் கார் தயங்கியது. நான் பிரேக்கை மிதித்தேன். மதினி கையை முன்னால் காட்டினார். நகரவில்லை. மறுபடி காட்டினார். நகரவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் காருக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இருக்காது.

அண்ணன் இருபது வருஷ டிரைவர். பார்வை போனாலும் காது போகவில்லை. இஞ்சின் ஓடவில்லை என்று அவருக்கு முதல் முனையிலேயே தெரிந்திருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் நடந்து வந்திருக்கிறார். அந்த இடத்தில் கார் தயங்கியது, தள்ளுகிறவர்களின் மூச்சுச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது. மகளின் கையை விட்டுவிட்டு, கூட்டத்தைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். காரின் பின்பக்கம் அவர் கைக்குத் தட்டுப்பட்டது. எத்தனை வருஷம் துடைத்த கார். எங்கே பிடித்தால் பலம் கிடைக்கும் என்று அவருக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை. காதர் பாய் பிறகு எங்களிடம் சொன்னார்: "நான் நவுந்து எடம் கொடுத்தேன். ஒங்க அண்ணன் தோளக் கொடுத்தாரு. அழுதுக்கிட்டேதான் தள்ளுனாரு."

கார் ஏறிவிட்டது. மாப்பிள்ளை மண்டபத்து வாசலில்தான் இறங்கினார். ஆரத்தி எடுத்தார்கள். பெண்ணின் அப்பா மதினியைப் பார்த்துக் கைகூப்பினார், அத்தனை ஜனத்துக்கு நடுவில், பூக்கட்டும் பெண்ணை. அதை நான் பார்த்தேன். எனக்கு இது போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குர்லா சேட் சொன்னபடி வந்துவிட்டார். இழுத்துப் போக லாரியும் கயிறும் கொண்டுவந்திருந்தார். அண்ணன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"காடி கிதர் ஹை?" வண்டி எங்கே என்று கேட்டார்.

"நை பேச்னேகா" என்றார் அண்ணன். விற்பதற்கில்லை.

சேட்டுக்குக் கோபம். நேற்று வரைக்கும் எடுத்துக்கொள் என்று சொன்னீரே, லாரி வாடகை யார் தருவது என்று கத்தினார். அண்ணன் சாந்தமாக உள்பக்கம் கையைக் காட்டினார்.

"மால்கின் கோ பூச்சோ."

முதலாளியம்மாவைக் கேள். மதினி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தார். அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. குடத்தை இறக்கி வைக்காமலே சேட்டைப் பார்த்து, "நை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துத்தான் போனார்கள்.

பெண்ணின் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் பாவம். மதினி அவரிடம் போய், பூவை வைத்து மூக்கை அடைத்தது தம் தப்புதான் என்று ஒளிக்காமல் சொன்னார். அவர், "நான் யார்கிட்டயும் சொல்லலே, நீயும் சொல்லாதே" என்றார். மதினி சொல்லவில்லை. அவர்தான் மாதுங்கா முழுக்கச் சொன்னார். எப்படி என்றால், சங்கீதம் கெடக்கூடாது என்பதற்காக இஞ்சினை அணைத்துவிட்டு ஆள் வைத்து நகர்த்தச் சொன்னதே தாம்தான் என்று. அதை நம்பாதவர் யாரும் இல்லை. அடுத்த முகூர்த்தத்துக்குள் 'அந்தச் சத்தமில்லாத காரு'க்கு ஆட்கள் தாராவியைத் தேடி வந்துவிட்டார்கள். மதினி வந்தவர்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "அது தள்ளுத காரு. தள்ளுதவுகளுக்குக் கூலி தனி, பந்தில எலையும் போடணும்" என்பார். எங்கள் தாராவி ஆட்கள் மாதுங்காக் கல்யாணங்களில் முறையாக இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியது அப்படித்தான். முதலில் சில வீடுகளில் முணுமுணுத்தார்கள். இலை இல்லையென்றால் கார் இல்லை என்று மதினி எழுந்துவிட்டார். முணுமுணுப்பு நின்றது.

பிறகு இரண்டாவது கார் வந்தது, அடுத்தடுத்து வந்தன. சோடா வேனை விட்டுவிட்டு நானும் மதினியிடமே வேலைக்குச் சேர்ந்தேன். சாந்தாகுருஸ் ஏர்போர்ட்டில் வெளிநாட்டு விருந்தாளிகளை ஏற்றினோம். காதர் பாயின் ஒர்க்‌ஷாப்பில் டெலிபோன் வந்தபோது, மணி அடித்தால் மொத்தத் தெருவும் ஓடிவரும். டிரைவர்களுக்கு வெள்ளை யூனிபார்ம். காரை எடுப்பதற்கு முன் மதினியே வந்து சட்டைக் காலரைத் திருப்பிப் பார்ப்பார். அழுக்கிருந்தால் அன்றைக்குக் கார் சாவி கிடையாது, எனக்கும் கிடையாது. நான் சண்டை போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அறுபதுகள் முடிவதற்குள் மதினியே டிரைவிங் பழகி லைசென்ஸ் வாங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் ஓட்டிக்கொண்டு போனால், அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப கியர் மாத்து" என்பார். சத்தத்தைக் கேட்டே சொல்வார். மதினி, "மாத்தியாச்சு, சும்மா வாங்க" என்பார். அவர்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

செம்பூருக்குக் குடிபெயர்ந்தது, அண்ணன் காலமானது, தொழில் சின்னவள் கைக்குப் போனது எல்லாம் உங்களுக்குத் தெரியும். மூத்தவள் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் படித்து முடிக்கும் வரை மதினி நகை என்று ஒன்று தமக்காக வாங்கியதில்லை. மதினி கடுமையானவர் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆமாம், கடுமையானவர்தான். இளகினவராக இருந்திருந்தால் இன்றைக்கு நாமெல்லாம் எங்கே இருந்திருப்போம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கடைசி ஆறேழு மாதம் அவர் படுக்கையில்தான் இருந்தார். நினைவு தெளிவாக இருந்தது. தினமும் காலையில் எந்தக் கார் எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்வார். அந்த நாட்களில் அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும், மகள் மாதிரி பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்ணுக்கும், வாரம் தவறாமல் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து பேசிய காதர் பாயின் மகன்களுக்கும், வேளை பார்த்துக் கஞ்சி அனுப்பிய எங்கள் காலனிப் பெண்களுக்கும், இறுதிக் காரியங்களை இரண்டு மகள்களும் தங்கள் கையாலேயே செய்வதற்கு ஒரு தடையும் சொல்லாமல் முன்னின்று நடத்திக் கொடுத்த சாஸ்திரிகளுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி.

இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் படுத்திருந்தபோது ஊரிலிருந்து பெரியப்பாவின் பேரன் வந்தான். நல்ல மனதோடுதான் சொன்னான். "பெரியம்மா, இத்தன வருசம் பம்பாய்ல இருந்தாச்சு. கடைசிக் காலத்துலயாவது நம்ம ஊருக்கு வந்துருங்க. பாத்துக்க நாங்க எல்லாரும் இருக்கோம்."

மதினி அவனை ஏற இறங்கப் பார்த்தார். குரல் தாழ்ந்திருந்ததே தவிர தெளிவாக வந்தது.

"ஒங்க ஆளுவ எல்லாரையும் இங்க வரச் சொல்லு. ஸ்டேஷனுக்குக் காரு அனுப்புதேன்."

நீங்கள் வந்தீர்கள். மதினி காலமான செய்தி கேட்டு நெல்லையிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் ரயில் ரயிலாக வந்தீர்கள். தாதரில் இறங்கிய ஒவ்வொருவரையும் வெள்ளை யூனிபார்ம் போட்ட டிரைவர் பெயர் சொல்லி அழைத்து ஏற்றிவந்தார். அன்றைக்கு வாடகை ஓட்டம் ஒன்றுகூட எடுக்காமல், மதினியின் கார்கள் அத்தனையும் ஸ்டேஷன் வாசலில்தான் நின்றன. அந்த டிரைவர்களுக்கு என் கடைசி நன்றி.